காஞ்சி இருப்புப்பாதை – 12: ஏரி உடைந்தால் ரயிலுக்கு யார் சொல்வது?

1957ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலைக் காஞ்சிபுரத்துப் பெரியவர்கள் அண்ணாவின் வெற்றிக்காக நினைவில் வைத்திருப்பார்கள். திராவிட முன்னேற்றக் கழகம் களம் கண்ட முதல் தேர்தல் அது. அண்ணா சொந்த ஊரில் நின்று சட்டமன்றத்துக்குப் போனதும் அந்தத் தேர்தலில்தான். ஆனால் இந்தத் தொடருக்கு அந்தத் தேர்தல் வேறொரு காரணத்தால் தேவைப்படுகிறது. ஒரு ரயில் விபத்து அந்த ஆண்டு செங்கல்பட்டு மாவட்டத்தின் மேடைதோறும் பேசப்பட்டது.

விபத்து நடந்த இடம் இங்கிருந்து வெகுதூரம். 1956 நவம்பர் 22ஆம் தேதி இரவு எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. செங்கல்பட்டு, விழுப்புரம், விருத்தாசலம் வழியாகப் போகும் வண்டி. வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் விடிவதற்குச் சற்று முன், அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தை நெருங்கியபோது ஆற்று வெள்ளம் பாலத்தோடு சேர்ந்த கரையை அரித்துவிட்டிருந்தது. அது ஓட்டுநருக்குத் தெரியாது. பின்னால் விட்டு வந்த நிலையத்துக்கும் தெரியாது. இன்ஜினும் அதை அடுத்த பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். தூங்கியபடியே போனவர்கள் அவர்களில் பலர்.

அதற்கு ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கு முன்புதான், செப்டம்பரில், ஐதராபாத் பக்கம் மகபூப்நகரில் இதே போல வெள்ளத்தில் ஒரு பாலம் போய் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி அப்போதே பதவி விலக முன்வந்தார், நேரு தடுத்துவிட்டார். அரியலூருக்குப் பிறகு சாஸ்திரி பிடிவாதமாக நின்றார். விபத்துக்கு அவர் நேரடிப் பொறுப்பில்லை என்று சொல்லிக்கொண்டே, ஒரு முன்னுதாரணமாக இருக்கட்டும் என்று நேரு அந்த விலகலை ஏற்றார்.

சாஸ்திரியின் விலகலை நாடு முழுக்கப் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. நம் மாவட்டத்துக்கு அதில் இன்னொரு கிளைக்கதை உண்டு. அன்றைய ரயில்வே துணை அமைச்சர் ஓ.வி. அழகேசன் செங்கல்பட்டுக்காரர், அந்தத் தொகுதியின் மக்களவை உறுப்பினர், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். அவர் பெயரோடு அரியலூரைச் சேர்த்து எதுகை மோனையோடு கட்டிய முழக்கம் ஒன்று கழக மேடைகளிலிருந்து கிளம்பி, தெருப்பிள்ளைகள் வாயிலும் புகுந்தது. ஆண்டது போதும் என்பதையும் மக்கள் மாண்டது போதும் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லும் முழக்கம். 1957இல் அழகேசன் செங்கல்பட்டில் தோற்றார். தோல்விக்கு அந்த ஒரு முழக்கம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த மாவட்டத்து வாக்காளர் ஒரு ரயில் பாலத்தின் கதையைத் தன் சொந்தக் கதையாகவே எடுத்துக்கொண்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஏரிக்கரைக்குக் கீழே குடியிருப்பவருக்கு, கரை அரித்துப்போவது என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை.

*

இங்கே சற்று நின்று நம் நிலத்தைப் பார்க்க வேண்டும். அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வரை 1865இல் இந்தியன் டிராம்வே கம்பெனி மூன்றரை அடி அகலத்தில் பாதை போட்ட கதையை இத்தொடரின் தொடக்கத்தில் சொன்னேன். 1874இல் அது தென்னிந்திய ரயில்வேயோடு சேர்ந்ததையும், 1878இல் மீட்டர் பாதையானதையும், பின்பு செங்கல்பட்டு வரை நீண்டதையும் பார்த்தோம். தக்கோலம், திருமால்பூர், காஞ்சிபுரம், நத்தப்பேட்டை, வாலாஜாபாத், பழையசீவரம், வில்லியம்பாக்கம் என்று போகும் அந்தப் பாதையை வரைபடத்தில் பார்ப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது தண்டவாளம் அல்ல. அதன் இரு பக்கமும் சிதறிக்கிடக்கும் ஏரிகள். செங்கல்பட்டில் ரயில் கொளவாய் ஏரியை ஒட்டியேதான் ஓடுகிறது. தெற்கே போகும் முதன்மைப் பாதை மதுராந்தகம் ஏரியின் பக்கமாகப் போகிறது.

பல்லவர் காலத்திலிருந்து வெட்டிய இந்த ஏரிகள் தனித்தனி அல்ல. மேட்டு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. மேலே ஒன்று உடைந்தால் கீழே உள்ளவை தாங்காமல் வரிசையாக உடையும். இந்தச் சரிவுக்குக் குறுக்கே ரயில் கம்பெனி மண் கொட்டி உயர்த்திய பாதை, யாரும் கேட்காமலே இன்னொரு கரையாக ஆகிவிட்டது. அதில் கலங்கலும் இல்லை, மதகும் இல்லை. சிறு பாலங்களும் குழாய்களும் மட்டுமே. ஏரி உடைந்து வரும் தண்ணீர் அந்தக் கண்களுக்குள் அடங்கவில்லை என்றால் பாதையின் மண்ணைக் கரைத்துக்கொண்டு போகும். மேலே தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கும். இரவில், இன்ஜின் விளக்கு வெளிச்சத்தில், அது நல்ல பாதை போலவே தெரியும்.

ஆக, ரயிலைக் காக்கும் செய்தி ரயில்வேயிடம் இருக்கவில்லை. அது ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் நீர்க்கட்டியிடம் இருந்தது. ஊர்க் கணக்கரான கரணத்திடமும் மணியக்காரரிடமும் இருந்தது. பொதுப்பணித் துறையின் பிரிவு அலுவலரிடம் இருந்தது. ரயில்வேயோ முதலில் லண்டனில் தலைமையகம் வைத்திருந்த கம்பெனி, பிறகு மத்திய அரசு. ஏரி மாகாண அரசுக்குச் சொந்தம். நடுவில் ஒரு வேலிகூட இல்லை, ஆனால் நிர்வாகத்தில் இரண்டும் இரண்டு உலகம்.

இந்த இடைவெளியை நிரப்ப சென்னை மாகாண காலத்திலேயே ஒரு ஏற்பாடு வந்தது. உடைந்தால் தண்டவாளத்துக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய ஏரிகளைத் தனியாகப் பட்டியலிட்டு, ‘ரயில்வேயைப் பாதிக்கும் ஏரிகள்’ என்று பெயரிட்டார்கள். அந்த ஏரிகளின் கரை உயரம், கலங்கலின் அகலம், மதகின் நிலை ஆகியவற்றில் பொதுப்பணித் துறை கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். மழைக்கு முன் ரயில்வே பொறியாளரும் மாநிலப் பொறியாளரும் சேர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். இன்றும் ரயில்வேயின் பாதைப் பராமரிப்பு விதிகளில் இந்தக் கூட்டுப் பார்வையிடல் உண்டு. ஏரியோடு அணை, கால்வாய், சாலை என்று பட்டியல் விரிந்திருக்கிறது. ரயில் பாதுகாப்பு என்றவுடன் நாம் கண்ணைக் கவரும் கருவிகளைப் பற்றியே பேசுகிறோம். என்னைக் கேட்டால், தென்னாட்டு ரயில் வரலாற்றில் மனித உயிர்களைக் காத்த மிகப் பெரிய ஒத்துழைப்பு இந்தச் சாதாரணப் பட்டியலில்தான் தொடங்கியது.

பட்டியல் இருந்தும் அரியலூர் ஏன் நடந்தது என்று வாசகர் கேட்கலாம். எழுதி வைப்பது ஒன்று. மழை கொட்டும் நள்ளிரவில் செய்தி போய்ச் சேர்வது வேறு. 1956இல் வயல்வெளியில் ஒரு ஆற்றங்கரை அரிக்கப்பட்டால், அதை ஒருவர் பார்க்க வேண்டும், அவர் நடந்து நிலையத்துக்கு வர வேண்டும், நிலையத்திலிருந்து தந்தியோ தொலைபேசியோ வேலை செய்ய வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் வண்டி போய்விடும். அதனால்தான் மழைக்காலத்தில் இரவு ரோந்து முக்கியமானது. கையில் விளக்கும் கொடியும், தண்டவாளத்தின் மேல் வைத்து வெடிக்கச் செய்யும் டெட்டனேட்டரும் எடுத்துக்கொண்டு கேங்மேன்கள் இரண்டிரண்டு பேராக நடப்பார்கள். ஒரு எல்லையில் அடுத்த ரோந்துக்காரரைச் சந்தித்துப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்புவார்கள். பாலத்தின் தூண்களில் அபாய மட்டம் சிவப்புக் கோடாக எழுதப்பட்டிருக்கும். தண்ணீர் அதைத் தொட்டால் வண்டியை விடக்கூடாது. இப்போது சில பாலங்களில் நீர்மட்டத்தைத் தானே அளந்து அலுவலர் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் வந்திருக்கின்றன. ஆனாலும் ரோந்து நிற்கவில்லை.

இந்த ஏற்பாடுகளுக்கு உண்மையான சோதனை 2023 டிசம்பரில் வந்தது. 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னை எழும்பூருக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வரலாறு காணாத மழை. குளங்கள் உடைந்து, முன்னால் உள்ள பாதையின் ஜல்லியும் மண்ணும் அடித்துப் போயிருந்தன. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. நான் மேலே எழுதிய அதே காட்சி. பாதைக்கு ஆபத்து என்ற தகவல் நிலைய மேலாளருக்கு வந்து சேர்ந்தது. அவர் வண்டியை விடவில்லை. ஏறக்குறைய 800 பயணிகள். சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்து, இரண்டு நாள் வரை அங்கே தவித்தார்கள். பக்கத்துப் புதுக்குடி ஊர்மக்கள் தங்களிடம் இருந்ததை வைத்துச் சமைத்துப் போட்டார்கள். பேரிடர் மீட்புப் படையும் விமானப் படையும் வந்து சேர்ந்தன. ஒரு உயிர்கூட ரயிலில் போகவில்லை.

மருதையாற்றிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் மழை ஒன்றே, மண் ஒன்றே, தண்டவாளமும் ஒன்றே. 1956இல் போய்ச் சேராத செய்தி 2023இல் போய்ச் சேர்ந்தது. 67 ஆண்டுகளில் நாம் சம்பாதித்தது அதைத்தான்.

*

ஒரு நிலையம் இன்னொரு நிலையத்தோடு பேசுவதில் நம் ரயில்வே மிகப் பழைய அனுபவம் கொண்டது. ஒற்றைப் பாதையில் எதிரெதிராக இரண்டு வண்டிகள் வந்துவிடக்கூடாது என்பதற்காகத் தென்னிந்தியப் பாதைகளில் நெடுங்காலம் பந்து டோக்கன் கருவி இருந்தது. சிவப்புப் பூச்சு பூசிய கனமான பெட்டி. உள்ளே இரும்புப் பந்துகள். ஒரு நிலையத்தில் பந்தை வெளியே எடுக்க வேண்டுமானால் அடுத்த நிலையத்து மாஸ்டர் தன் கருவியில் மின்சாரம் விட்டு அனுமதி தர வேண்டும். இருவரும் மணியடித்துப் பேசிக்கொள்வார்கள். ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அது மறுமுனையில் போய் விழும்வரை இரண்டு கருவியும் பூட்டிக்கொள்ளும். அந்தப் பந்தைத் தோல்பையில் வைத்து, பிரம்பு வளையத்தில் கோத்து, ஓடும் இன்ஜினில் நிற்பவர் கையில் மாட்டிவிடுவார்கள். 1990களுக்கு முன் மீட்டர் பாதையில் பயணம் செய்தவர்கள், பிளாட்பாரத்தில் ஒருவர் வளையத்தை உயர்த்திப் பிடித்து நிற்பதைப் பார்த்திருப்பார்கள். அது ஓட்டுநரின் உரிமைச் சீட்டு. பந்து கையில் இல்லாமல் அவர் நகர முடியாது. போத்தனூரில் உள்ள தெற்கு ரயில்வேயின் சிக்னல் பணிமனை இத்தகைய கருவிகளைச் செய்தே பெயர் பெற்றது.

இந்தக் கருவியில் எனக்குப் பிடித்த அம்சம், ஒருவர் மட்டும் தவறு செய்து விபத்தை உண்டாக்க முடியாது என்பது. ஆனால் சிக்னலுக்கும் ஓட்டுநருக்கும் இடையே இந்தப் பூட்டு இல்லை. சிவப்பு விளக்கைப் பார்த்து நிறுத்துவது அவர் கண்ணையும் கையையும் பொறுத்தது.

அந்த இடைவெளி என்ன செய்யும் என்பதைக் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே பார்த்தோம். 2011 செப்டம்பர் 13ஆம் தேதி இரவு, அரக்கோணத்திலிருந்து காட்பாடிக்குப் போன பயணிகள் ரயில் சித்தேரிக்கு அருகே சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தது. சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட்டுக்குப் போன மின்தொடர் வண்டி பின்னாலிருந்து வந்து மோதியது. வெளியே நல்ல மழை. பத்துப் பேரளவில் இறந்தார்கள். நூறு பேரளவில் காயமடைந்தார்கள். அன்று காயம்பட்டவர்களைத் தேடி அரக்கோணம் மருத்துவமனைக்கு ஓடியவர்கள் நம் ஊர்களிலும் உண்டு. விசாரணை ஓட்டுநரின் பக்கம் கைகாட்டியது.

ஓட்டுநர் தவறினார் என்று எழுதி வழக்கை முடிப்பது எளிது. குன்ஸ்ரு குழு (1962), வாஞ்சு குழு (1968), சிக்ரி குழு (1978), கன்னா குழு (1998) என்று விடுதலைக்குப் பின் அமைந்த குழுக்கள் எல்லாமே விபத்துகளில் மனிதத் தவறின் பங்கைப் பேசின. ஆனால் அதே குழுக்கள், தவறு செய்தவனைத் தேடுவதோடு நின்றுவிடாதீர்கள், தவறினாலும் வண்டி நிற்கும்படி செய்யுங்கள் என்றும் கேட்டன. சித்தேரி விபத்து நடந்த அடுத்த ஆண்டு, அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையிலான குழு, ஐரோப்பிய நாடுகளில் உள்ளதைப் போன்ற தானியங்கிப் பாதுகாப்பை 19,000 கிலோமீட்டரில் ஐந்தாண்டுக்குள் நிறுவச் சொன்னது. சென்னை–கும்மிடிப்பூண்டி புறநகர்ப் பாதையில் அந்த ஐரோப்பிய முறை ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்தது. நாடு முழுக்கப் போக அதன் விலை தடையாக இருந்தது.

*

இந்த இடத்தில் இங்கிலாந்தின் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1999 அக்டோபர் 5ஆம் தேதி லண்டனில் லாட்புரோக் குரோவ் என்ற இடத்தில் ஒரு ரயில் சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய் இன்னொன்றோடு நேருக்கு நேர் மோதியது. 31 பேர் இறந்தார்கள். எஸ்.என். 109 என்ற எண்ணுள்ள அந்த சிக்னலை, அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் எட்டு முறை வெவ்வேறு ஓட்டுநர்கள் சிவப்பில் தாண்டியிருந்தார்கள். வளைவில், மேம்பாலங்களுக்குப் பின்னால், சரியாகக் கண்ணில் படாத சிக்னல். இது பாதையைப் பராமரித்த நிறுவனத்துக்குத் தெரியும், வண்டி ஓட்டிய நிறுவனங்களுக்கும் தெரியும். ரயில்வேயைப் பல தனியார் கம்பெனிகளாகப் பிரித்துக் கொடுத்திருந்த காலம் அது. எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து ஒருவர் பொறுப்பிலும் வரவில்லை.

நீதிபதி கல்லன் நடத்திய விசாரணைக்குப் பிறகு, 2003இல் பிரிட்டிஷ் ரயில் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பொது அமைப்பை உருவாக்கின. ஒன்றுக்கொன்று போட்டியாளர்களான கம்பெனிகள், சிவப்பில் தாண்டிய ஒவ்வொரு நிகழ்வையும் ஒரே இடத்தில் பதிவு செய்து, காரணத்தைச் சேர்ந்து ஆராயத் தொடங்கின. அதற்கு முன்பே, 1996இல் ஸ்காட்லாந்தில் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தின் துணையோடு, ஊழியர் தன் பெயர் வெளிவராமல் ஆபத்தைத் தெரிவிக்கும் ஏற்பாடு தொடங்கியிருந்தது. விபத்துக்குப் பின் அது நாடு முழுக்கப் பரவியது. தண்டனை பயம் இல்லாமல் ஒரு ஓட்டுநர், ‘இந்த சிக்னல் எனக்கு மழையில் தெரிவதில்லை’ என்று சொல்ல ஒரு இடம் கிடைத்தது.

நம்மிடம் விபத்தை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையம், ரயில்வே வாரியத்துக்குக் கட்டுப்படாமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. 1941இலிருந்தே அது ரயில்வே வாரியத்திலிருந்து பிரிந்து நிற்கிறது. நல்ல முன்யோசனை. ஆனால் ஆணையம் பெரும்பாலும் விபத்து நடந்த பிறகே வருகிறது. நடக்காமல் தப்பிய விபத்துகளின் செய்தி ஒரு மண்டலத்திலிருந்து இன்னொரு மண்டலத்துக்கு எப்படிப் போகிறது என்பதே கேள்வி.

*

விலைத் தடைக்கு விடை உள்நாட்டிலிருந்தே வந்தது. லக்னோவில் உள்ள ரயில்வேயின் ஆராய்ச்சி, வடிவமைப்பு அமைப்பு, மோதலைத் தடுக்கும் கருவிக்கான விவரக்குறிப்பை வகுத்தது. ஐதராபாத்தைச் சேர்ந்த மேதா, எச்.பி.எல்., கெர்னெக்ஸ் என்ற மூன்று நிறுவனங்கள் அதைச் செய்ய முன்வந்தன. தெலங்கானா–கர்நாடக எல்லைப் பகுதியில் லிங்கம்பள்ளி, விகாராபாத், வாடி, பீதர் பாதையில் ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். 2020 ஜூலையில் நாட்டின் சொந்தப் பாதுகாப்பு முறையாக அது ஏற்கப்பட்டு, ‘கவச்’ என்று பெயர் பெற்றது. 2022 மார்ச் 4ஆம் தேதி ரயில்வே அமைச்சர் அசுவினி வைஷ்ணவ் ஒரு இன்ஜினிலும், ரயில்வே வாரியத் தலைவர் எதிரே இன்னொன்றிலும் ஏறி, ஒரே தடத்தில் வரும்படி செய்து பார்த்தார்கள். 380 மீட்டர் இடைவெளியில் இன்ஜின் தானே நின்றது.

கவச் வேலை செய்யும் விதம் சுருக்கமாக இது. ஸ்லீப்பர்களில் பதித்த சிறு மின்குறிகள் வண்டி எங்கே இருக்கிறது என்று இன்ஜினுக்குச் சொல்கின்றன. நிலையத்தில் உள்ள கருவி வானொலி வழியாக அடுத்த சிக்னலின் நிறத்தைச் சொல்கிறது. ஓட்டுநர் பிரேக் போடவில்லை என்றால் கருவி போடுகிறது. சித்தேரியில் இது இருந்திருந்தால் அந்த வண்டி நின்றிருக்கும்.

ஆனால் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. நிலையத்தில் ஒரு கம்பெனியின் கருவி, இன்ஜினில் இன்னொரு கம்பெனியின் கருவி என்றால் இரண்டும் ஒன்றோடொன்று பேச வேண்டும். தன் தொழில்நுட்பத்தை மறைத்துப் பிழைக்கும் போட்டியாளர்கள், பேசும் முறையை மட்டும் பொதுவாக வைத்துக்கொள்ள வேண்டும். காஞ்சிப் பட்டில் கோர்வை நெய்யத் தெரிந்தவருக்கு இதை உடனே விளங்கவைக்கலாம்: உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு இன்னொரு நாடா; தறியில் இரண்டு பேர்; ஒவ்வொரு இழையிலும் இரண்டும் பிணைந்தால்தான் சேலை, இல்லாவிட்டால் கரை தனியாகப் பிரிந்துவரும். விவரக்குறிப்பை ஒரு கம்பெனியின் சொத்தாக விடாமல் ரயில்வே தன் கையில் வைத்துக்கொண்டதால், மூவரின் கருவிகளையும் ஒன்றோடொன்று சோதித்துப் பார்க்க முடிந்தது. பிறகு வேறு நிறுவனங்களும் உள்ளே வந்தன. 2024 ஜூலையில் மேம்பட்ட 4.0 வடிவம் ஒப்புதல் பெற்றது. முதலில் பரவிய இடம் தென்மத்திய ரயில்வேயின் 1,465 கிலோமீட்டர். சென்னைப் பெரம்பூரில் ஐ.சி.எஃப். கட்டும் வந்தே பாரத் வண்டிகள் கவச்சோடு வருகின்றன. வண்டியில் இருந்தால் போதாது, பாதையிலும் நிலையத்திலும் இருக்க வேண்டும். அந்த வேலை நாட்டின் பெரும்பகுதியில் இன்னும் முடியவில்லை.

*

கவச் வந்தாலும் தீராத ஒன்றைப் பாலசோர் விபத்து காட்டியது. 2023 ஜூன் 2ஆம் தேதி, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவில் பஹானகா பஜார் நிலையத்தில், நேர்ப்பாதைக்குப் பதில் பக்கப்பாதைக்குள் திருப்பப்பட்டு, நின்றிருந்த சரக்கு வண்டி மீது மோதியது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். ஓட்டுநர் பச்சை விளக்கைப் பார்த்துத்தான் போனார். சிக்னல் வயர்களை மாற்றிய வேலையில் நடந்த தவறு, பொய்யான பச்சையைக் காட்டியது. பொய்ப் பச்சையைக் கவச் பொய் என்று அறியாது.

அதே ஆண்டு பிப்ரவரி 8ஆம் தேதி கர்நாடகத்தில் ஹொசதுர்கா ரோடு நிலையத்தில் கிட்டத்தட்ட இதே மாதிரியான தவறு நடந்திருந்தது. அன்று சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸின் ஓட்டுநர் பாதை தவறாக இருப்பதைக் கவனித்து வண்டியை நிறுத்தினார். மறுநாளே தென்மேற்கு ரயில்வேயின் தலைமை இயக்க அதிகாரி, இதைத் திருத்தாவிட்டால் பெரிய விபத்து நேரும் என்று எழுத்தில் எச்சரித்தார். 2022 மே மாதம் கரக்பூர் கோட்டத்திலேயே வயர் மாறிய வேறொரு நிகழ்வு நடந்திருந்ததையும் பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. எச்சரிக்கை இருந்தது. அது போக வேண்டிய நிலையத்துக்குப் போகவில்லை. லண்டனின் 109ஆம் எண் சிக்னலும் பஹானகா பஜாரின் வயர்ப் பெட்டியும் ஒரே குற்றத்துக்குச் சாட்சி. பாலசோரில் இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம்தான் மேலிடுகிறது. அந்தக் கடிதம் நான்கு மாதம் முன்பு எழுதப்பட்டது.

ஊர்ப்பக்கத்துக்கு வருவோம். 2025 ஜூலை 8ஆம் தேதி கடலூர் செம்மங்குப்பத்தில் ஆளுள்ள கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். சிக்னலோடு பிணைக்கப்படாத கேட் அது. கேட் திறந்திருந்தாலும் சிக்னல் பச்சையாக விழக்கூடும். அங்கே சுரங்கப்பாதைக்கு ரயில்வே தன் பணத்திலேயே ஒப்புதல் தந்தும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி ஓராண்டாக வரவில்லை என்று தெற்கு ரயில்வே அன்று சொன்னது. யார் பக்கம் நியாயம் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே கோப்பு கிடந்தபோது, அந்தக் கேட் வழியாகப் பிள்ளைகள் தினமும் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

கணக்கில் முன்னேற்றம் இருக்கிறது. 2014-15இல் 135ஆக இருந்த பெரிய ரயில் விபத்துகள் 2024-25இல் 31ஆகக் குறைந்ததாக அரசு நாடாளுமன்றத்தில் சொல்கிறது. அகல ரயில் பாதையில் ஆளில்லாத கேட்டுகள் 2019 தொடக்கத்திலேயே ஒழிக்கப்பட்டன. இவற்றைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆயிரக்கணக்கானோரின் உழைப்பு அது. ஆனால் கவச் ஏரி உடைந்ததை அறியாது. கரை அரிக்கப்பட்டதைச் சொல்லாது. ஏரி மாவட்டத்தில் குடியிருக்கும் நாம் மறக்கக்கூடாத உண்மை இது.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, தெற்கு ரயில்வேக்கும் தமிழக நீர்வளத் துறைக்கும்: அரக்கோணம்–காஞ்சிபுரம்–செங்கல்பட்டுப் பாதையைப் பாதிக்கும் ஏரிகள் எவை, இந்த ஆண்டு கூட்டுப் பார்வையிடல் எப்போது நடந்தது, எந்தக் கரையில் என்ன குறை கண்டார்கள் என்பதை ஆண்டுதோறும் செப்டம்பர் முடிவதற்குள் அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்டுங்கள். கரையில் நடக்கிறவருக்குத் தன் ஏரி அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதே தெரியாவிட்டால், அவர் எதைப் பார்த்து யாரிடம் சொல்வார்?

இரண்டாவது, வாசகர்களுக்கு. வரும் ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் ஊர் ஏரிக்கரையில் கசிவோ, தண்டவாளத்தின் அடியில் மண் சரிவோ கண்டால், தாசில்தாருக்குச் சொல்வதோடு நிற்காதீர்கள். அருகிலுள்ள கேட் கீப்பரிடமோ ஸ்டேஷன் மாஸ்டரிடமோ ஓடிச் சொல்லுங்கள்; 139 என்ற ரயில்வே எண்ணுக்கு உடனே பேசுங்கள். இரவு எத்தனை மணியானாலும் பேசுங்கள்.

(தொடரும்)